நான்கு செங்குத்து அச்சுகளும் பத்து லட்சம் புள்ளிகளும் உள்ள வரைபடத்தைச் சோதிப்பது எப்படி?

வெப்பநிலை, அழுத்தம், ஓட்ட வீதம், மின்னோட்டம் ஆகிய நான்கையும் நான்கு செங்குத்து அச்சுகளோடு ஒரே வரைபடத்தில் காட்டும் செயலியை நீங்கள் சோதிக்கிறீர்கள். ஒவ்வொரு தொடரிலும் பத்து லட்சம் புள்ளிகள் வரை வரும். பயனர் ஜூம் செய்யலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம், சுட்டியை வைத்தால் டூல்டிப்பில் மதிப்பு தெரியும். ஸ்கிரீன்ஷாட் ஒப்பிடும் சோதனைகள் காரணமே இல்லாமல் தோற்பதும், உண்மையான பிழைகள் பயனரிடம் போன பிறகே வெளிப்படுவதும் உங்கள் சிக்கல். எந்தக் கருவி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: திரையில் தெரியும் கோட்டின் உயரத்தை அதற்குரிய அச்சில் வைத்துப் படித்தால் தரவில் உள்ள அதே எண் கிடைக்கிறதா, அதை எப்படி உறுதி செய்வது? இத்தகைய வரைபடங்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருபவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். கருவி எதுவானாலும் இது பொருந்தும்.

ஒரே அச்சு உள்ள வரைபடத்தில் பிழை இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். பல அச்சுகள் வந்தவுடன் தவறான படமும் சரியான படத்தைப் போலவே தோன்றும் என்பதுதான் இந்த வேலையின் முழுச் சிரமமும். அழுத்தத்துக்கான கோடு தவறுதலாக வெப்பநிலை அச்சோடு இணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 20 முதல் 30 வரையிலும் அழுத்தம் 22 முதல் 35 வரையிலும் இருந்தால், தானாகப் பொருந்தும் அளவுகோல் இரண்டையும் அழகாகவே வரைந்து காட்டும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆகவே நான் முதலில் கை வைப்பது சோதனைத் தரவில்தான். உண்மைத் தரவின் நகலை எடுத்து ஓட்டாமல், தவறாக வரையப்பட்டால் தவறாகவே தெரிந்து தீர வேண்டிய தரவை உருவாக்குங்கள். முதல் தொடர் 0 முதல் 1 வரை, இரண்டாவது 1,000 முதல் 2,000 வரை, மூன்றாவது −50 முதல் −40 வரை, நான்காவது 10 லட்சத்துக்கு மேல் என்று ஒன்றோடொன்று எந்த இடத்திலும் மேற்படியாத எல்லைகளைக் கொடுங்கள். வடிவங்களும் வேறாக இருக்கட்டும்: ஒன்று ரம்பப் பல் போல, ஒன்று படிக்கட்டாக, ஒன்று சைன் அலையாக, ஒன்று மாறிலியாக. இப்போது அச்சு மாறி இணைந்தால் கோடு தட்டையாகிவிடும் அல்லது வரைபரப்பை விட்டே போய்விடும். டூல்டிப்பில் அலகு மாறியிருந்தாலும் எண்ணைப் பார்த்தவுடன் பிடிபடும்.

அடுத்து, படத்தைத் தொடுவதற்கு முன் எண்களைச் சோதியுங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் பின்னால் ஒரு மதிப்பைப் பிக்சலாக மாற்றும் சார்பும், பிக்சலை மதிப்பாகத் திருப்பும் சார்பும் இருக்கும். மதிப்பிலிருந்து பிக்சலுக்குப் போய்த் திரும்பி வந்தால் அதே மதிப்பு கிடைக்க வேண்டும். மதிப்பு கூடினால் பிக்சல் ஒரே திசையில் நகர வேண்டும். திரையில் செங்குத்து ஆயம் மேலிருந்து கீழாகக் கூடும் என்பதால், தலைகீழாக்கப்பட்ட அச்சு ஒன்று இருந்தால் குறிமாற்றம் இருமுறை நடந்து ஒன்றையொன்று அடித்துவிடும். அதற்கெனத் தனிச் சோதனை வேண்டும். இந்த விதிகளைக் கையால் எழுதிய நாலைந்து எடுத்துக்காட்டுகளோடு விட்டுவிடாமல், ஆயிரக்கணக்கான சீரற்ற உள்ளீடுகளை உருவாக்கி விதி எங்கே உடைகிறது என்று தேடும் முறையில் ஓட்டுவது நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ஃபாஸ்ட்-செக் போன்ற நூலகங்கள் உள்ளன. சீரற்ற உள்ளீடு தற்செயலாகத் தொடாத மூலைகளை மட்டும் கையால் சேருங்கள்: எல்லாப் புள்ளிகளும் ஒரே மதிப்பு, அதாவது குறுமமும் பெருமமும் சமமாகி வகுத்தல் பூச்சியத்தில் முட்டும் நிலை, எல்லாமே வெற்று மதிப்பு, ஒரே ஒரு புள்ளி, நடுவில் முடிவிலி, மடக்கை அச்சில் பூச்சியமும் எதிர்மறை எண்ணும். இவற்றில் எது நடந்தாலும் பாதிக்கப்பட்ட தொடர் மட்டும் பாதிக்கப்பட வேண்டும். ஒரு தொடரில் வந்த எண்ணல்லாத மதிப்பு நான்கு அச்சுகளின் எல்லைகளையும் சேர்த்துக் கெடுப்பது வழக்கமாகக் காணும் பிழை.

அச்சுக் குறிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான நூலகங்கள் 1, 2, 5 ஆகியவற்றின் பத்தின் அடுக்கு மடங்குகளைக் குறிகளுக்குத் தேர்ந்தெடுக்கின்றன. நான்கு அச்சுகளும் தத்தமக்கு வசதியான குறிகளைத் தேர்ந்தெடுத்தால் கிடைமட்டக் கட்டக் கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதைத் தவிர்க்க எல்லா அச்சுக்கும் ஒரே எண்ணிக்கையில் குறிகளைத் திணித்தால், ஏதோ ஒரு அச்சின் எல்லை தேவைக்கு மேல் நீளும் அல்லது குறிகள் படிக்கச் சிரமமான எண்களாகும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வடிவமைப்பாளரின் முடிவு. சோதிப்பவர் பார்க்க வேண்டியது, எழுதப்பட்ட ஒவ்வொரு குறியும் அந்த அச்சின் மாற்றுச் சார்பு சொல்லும் பிக்சலில்தான் நிற்கிறதா என்பதே. 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் கணினியில் 0.30000000000000004 வரும் என்பதால், குறிகளைக் கூட்டிக்கொண்டே போகும் நிரலில் இந்த நீண்ட வால் அச்சு எழுத்திலேயே வந்து நிற்கும்.

அந்த வால் அசிங்கம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். பயனர் ஜூம் செய்கிறார், இடப்பக்க அச்சில் “5” என்றிருந்த எழுத்து “5.0025” ஆகிறது, எழுத்துக்கு இடம் போதாமல் வரைபரப்பு இடப்பக்கம் சுருங்குகிறது, அதனால் நேர அச்சின் தொடக்கப் பிக்சல் வலப்பக்கம் நகர்கிறது. சுட்டி நிகழ்வைக் கையாளும் நிரலோ பழைய தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. டூல்டிப் இப்போது பக்கத்துப் புள்ளியின் மதிப்பைக் காட்டும். நான்கு அச்சுகளும் ஒரே பக்கத்தில் இருந்தால் இந்த நகர்வு நான்கு மடங்காகலாம். இதைப் பிடிக்க எளிய விதி ஒன்று உண்டு: சக்கரத்தை உருட்டி ஜூம் செய்வதற்கு முன்னும் பின்னும் சுட்டியின் அடியில் இருக்கும் நேரமும், ஒவ்வொரு அச்சிலும் அங்கே படிக்கும் மதிப்பும், ஜூமுக்கு உட்பட்ட அச்சுகளில் மாறாமல் இருக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு ஊடாட்டச் சோதனை மட்டுமே எழுத அனுமதி என்றால் இதைத்தான் எழுதுவேன். அதோடு, பல முறை உள்ளே போய் அதே அளவு வெளியே வந்தால் தொடக்க எல்லை திரும்ப வேண்டும். பல முறை நகர்த்தித் திரும்பினால் சிறு வழு சேர்ந்து கோடு விலகியிருக்கக் கூடாது. சுட்டி ஒரு அச்சின் மேல் இருக்கும்போது உருட்டினால் அந்த அச்சு மட்டும் மாற வேண்டுமா, வரைபரப்பின் மேல் உருட்டினால் நேர அச்சு மட்டுமா எல்லாமுமா, ஒரு தொடரை மறைத்தால் அதன் அச்சும் மறையுமா, மறைத்த தொடரைத் திரும்பக் கொண்டுவந்தால் பழைய ஜூம் இருக்குமா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லாத இடத்தில் சோதனை எழுதினால், அப்போதைய நடத்தையையே சட்டமாக்கிவிடுவீர்கள்.

இனி பெருந்தரவு. கணக்கு எளிது: வரைபரப்பு 1,500 பிக்சல் அகலம், புள்ளிகள் பத்து லட்சம் என்றால் ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசைக்கும் சுமார் 667 புள்ளிகள் விழும். எனவே உங்கள் நூலகமோ சர்வரோ எங்கோ புள்ளிகளைக் குறைக்கிறது. எப்படிக் குறைக்கிறது என்று தெரியாமல் சோதிக்க முடியாது. 667-க்கு ஒன்று என்று எடுப்பதுதான் முறை என்றால், ஒரே புள்ளியில் வந்த உச்சம் திரையில் தெரிய 667-இல் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. எல்டிடிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறையை ஸ்வெய்ன் ஸ்டெய்னார்சன் 2013-இல் ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வேட்டில் முன்வைத்தார். அது தரவை நேர வரிசையில் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலிருந்தும் அக்கம்பக்கக் கூறுகளோடு மிகப் பெரிய முக்கோணத்தை உருவாக்கும் புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது. கண்ணுக்கு வடிவம் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கூறுக்கு ஒரு புள்ளி மட்டுமே என்பதால் ஒரே கூறில் மேலும் கீழும் உச்சம் இருந்தால் ஒன்று போய்விடும். 2014-இல் வெளியான எம்-4 முறை ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசைக்கும் முதல், கடைசி, குறும, பெருமப் புள்ளிகளை வைத்துக்கொள்கிறது. 1,500 பிக்சலுக்கு 6,000 புள்ளிகள் போதும். விளிம்பு மென்மையாக்கல் இல்லாத கோட்டுப் படத்தில் முழுத் தரவையும் வரைந்த அதே பிக்சல்கள் கிடைக்கும்.

இதனால் சோதனையின் வடிவமும் தெளிவாகிறது. தட்டையான பத்து லட்சம் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு உச்சத்தை வையுங்கள். அதை முதல் இடம், கடைசி இடம், இரு கூறுகளின் எல்லை, அதற்கு ஒன்று முன்பு, ஒன்று பின்பு என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எதிரெதிரான இரண்டு உச்சங்களை அடுத்தடுத்து வையுங்கள். மூலத் தரவை நேரடியாகச் சுற்றி ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசையின் குறுமத்தையும் பெருமத்தையும் கண்டுபிடிக்கும் மெதுவான, எளிய நிரலை எழுதி வைத்துக்கொண்டு, வேகமான நிரலின் விளைவை அதோடு ஒப்பிடுங்கள். குறைப்பு முறை உச்சத்தைக் காப்பதாகச் சொல்லாவிட்டால் இந்தச் சோதனை தோற்கும். அது பிழையா ஏற்கத்தக்க இழப்பா என்பதைத் தரவின் பயன் முடிவு செய்யட்டும். அழுத்தக் கண்காணிப்பில் ஒற்றை உச்சம் மறைவதை ஏற்க முடியாது என்பது என் கருத்து.

இங்கே பல அச்சுகளுக்கே உரிய ஒரு பொறியும் உள்ளது. நான்கு தொடர்களும் ஒரே நேர வரிசையைப் பகிர்வதால், முதல் தொடருக்குத் தேர்ந்தெடுத்த புள்ளி எண்களையே மற்ற மூன்றுக்கும் பயன்படுத்தி நேரத்தை மிச்சப்படுத்த நிரலாளருக்கு ஆசை வரும். முதல் தொடர் மட்டும் எப்போதும் சரியாக இருக்கும். மூன்றாவது தொடரின் உச்சம் காணாமல் போகும். ஆகவே உச்சச் சோதனையை நான்கு தொடர்களிலும் தனித்தனியாக, மற்றவை தட்டையாக இருக்கும்போது ஓட்டுங்கள். அதேபோல், அச்சின் எல்லை மூலத் தரவிலிருந்து கணக்கிடப்படுகிறதா குறைத்த தரவிலிருந்தா, டூல்டிப் எதைக் காட்டுகிறது, ஜூம் செய்து உள்ளே போனவுடன் குறைப்பு புதிதாக நடக்கிறதா பழைய 6,000 புள்ளிகளே நீட்டப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

நேர முத்திரைகளில் இன்னொரு உறுதியான கணக்கு இருக்கிறது. பிரவுசரில் வரைகலைச் செயலியைப் பயன்படுத்தி வரைய உதவும் வெப்ஜிஎல் வழியாக வரையும் நூலகங்கள் ஆயங்களைப் பெரும்பாலும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாக வரைகலைச் செயலிக்கு அனுப்புகின்றன. 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் மில்லி விநாடிகள் இன்று 1.7 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டன. அந்த அளவில் 32 பிட் எண்ணால் பிரித்துச் சொல்லக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 1,31,072 மில்லி விநாடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேல். தொடக்க நேரத்தைக் கழிக்காமல் அப்படியே அனுப்பினால், தூரத்திலிருந்து பார்க்கும்போது கோடு சரியாக இருக்கும், சில நிமிடங்களுக்குள் ஜூம் செய்தவுடன் புள்ளிகள் செங்குத்துத் தூண்களாகக் குவியும். ஆகவே நீண்ட காலத் தரவில் ஒரு விநாடி அகலம் வரை உள்ளே போய்ப் பார்க்கும் சோதனை கட்டாயம் வேண்டும். நானோ விநாடி முத்திரைகள் வந்தால் 64 பிட் மிதவை எண்ணும் போதாது. 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் அதனால் எல்லா முழு எண்களையும் காட்ட முடியாது.

புள்ளிகளின் எண்ணிக்கையைச் சோதிக்கும்போது “பெரியது” என்று ஒன்றை மட்டும் எடுக்காமல், நிரலின் பாதை மாறும் இடங்களின் இருபுறமும் எடுங்கள். எடுத்துக்காட்டாக ஹைசார்ட்ஸ் என்ற வரைபட நூலகத்தில் ஒரு தொடர் இயல்பாக 1,000 புள்ளிகளைத் தாண்டினால் தரவை எளிய எண் வரிசைகளாகத்தான் கொடுக்க வேண்டும். பெருந்தரவை வேகமாக வரையும் அதன் பூஸ்ட் தொகுதி சேர்க்கப்பட்டிருந்தால் 5,000 புள்ளிகளில் வரையும் முறையே மாறும். 999, 1,000, 1,001, 4,999, 5,000, 5,001 ஆகிய எண்ணிக்கைகள் சொல்லும் செய்தியைச் சில சமயம் பத்து லட்சம் சொல்லாது. வரிசை முழுவதையும் தனித்தனி உள்ளீடுகளாக விரித்துப் பெருமம் காணும் நிரல், சிறிய தரவில் ஓடிப் பெரிய தரவில் நினைவக அடுக்கு (ஸ்டாக்) நிரம்பி விழும். எந்த எண்ணிக்கையில் விழும் என்பது பிரவுசருக்குப் பிரவுசர் வேறுபடும்.

இதுவரை சொன்னவை கணக்கால் நிறுவக்கூடியவை. வேகத்தைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையை ஒரு முறை புதுப்பிக்க, 16.7 மில்லி விநாடி கிடைக்கும் என்பதும், 50 மில்லி விநாடிக்கு மேல் பக்கத்தின் நிரல் ஓடும் முதன்மை இழையைப் பிடித்து வைக்கும் வேலையைப் பிரவுசர்கள் நீண்ட பணி என்று வகைப்படுத்துவதும், 0.1 விநாடிக்குள் வரும் பதிலையே பயனர் உடனடியானது என்று உணர்கிறார் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேகப் நீல்சன் எழுதியிருப்பதும் பயனுள்ள அளவுகோல்கள். ஆனால் இந்த எண்களைத் தானியங்கிச் சோதனையில் தோல்வி வரம்பாக எழுதினால், பகிரப்பட்ட சர்வரில் அன்றைய நெரிசலைத்தான் அளப்பீர்கள். அதைவிட நம்பகமானது எண்ணிக்கை: ஒரு சட்டகத்துக்குள் இருபது சுட்டி நிகழ்வுகள் வந்தாலும் ஒரே ஒரு மறுவரைவு நடக்கிறதா, டூல்டிப்புக்கான தேடல் இருபது ஒப்பீடுகளில் முடிகிறதா? வரிசைப்படுத்தப்பட்ட பத்து லட்சத்தில் இருகூறாக்கித் தேட இருபது படிகள் போதும். நேரம் அளந்தே ஆக வேண்டுமென்றால் விகிதத்தை அளங்கள்: ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் ஆகும் நேரங்களை ஒரே ஓட்டத்தில் எடுத்து ஒப்பிட்டால் இயந்திரத்தின் வேகம் ஓரளவு அடிபட்டுப் போகும். சராசரியை நம்ப வேண்டாம். இடைநிலையையும் 95-ஆம் சதமானத்தையும் பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் ஒப்பீட்டை முழுவதும் கைவிடச் சொல்ல மாட்டேன்; எண்ணிக்கையைக் குறையுங்கள். காரணமில்லாத தோல்விகளுக்குப் பெரும்பாலும் எழுத்துரு, விளிம்பு மென்மையாக்கல், முடியாத அசைவூட்டம், திரையின் பிக்சல் விகிதம் (பக்கத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்பது) ஆகியவையே காரணம். அசைவூட்டத்தை நிறுத்தி, எழுத்துரு ஏறிய பிறகு, ஒரே கண்டெய்னர் பிம்பத்தில் (சோதனைச் சூழலை அப்படியே உறைய வைத்த நகலில்), ஒரே பிரவுசர் பதிப்பில் எடுத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். கேன்வாஸில், அதாவது எல்லாமே வெறும் பிக்சல்களாக வரையப்படும் பரப்பில், உள்ள கோட்டுக்கு வலைப்பக்கத்தில் தனி உறுப்பு இல்லாததால் பிளேரைட் போன்ற பிரவுசர் சோதனைக் கருவிகளால் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. அச்சு எல்லைகளையும் மாற்றுச் சார்புகளையும் சோதனைக்கு மட்டும் வெளியே தரும் ஒரு வாசலை நிரலாளரிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு கணக்குப்படி கோடு இருக்க வேண்டிய பிக்சலில் அந்தத் தொடரின் நிறம் இருக்கிறதா என்று கேன்வாஸையே படித்துப் பார்க்கலாம், ஒரு பிக்சல் மேலே கீழே விட்டுக்கொடுத்து. பிக்சல் விகிதம் 1.25, 1.5 ஆகிய நிலைகளிலும் இதை ஓட்டுங்கள். முழு எண் விகிதங்களில் தெரியாத அரைப் பிக்சல் விலகல்கள் அங்கேதான் வரும். டெஸ்க்டாப் குரோமில் ஒரே நேரத்தில் இயங்கும் வெப்ஜிஎல் சூழல்களுக்குப் பதினாறு என்ற வரம்பு உண்டு. ஒரே பக்கத்தில் பதினேழாவது வரைபடம் திறந்தால் முதலாவது வெறுமையாகலாம். நினைவகக் கசிவுக்கு, வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடி, பயன்படாத நினைவகத்தைப் பிரவுசர் விடுவித்த (குப்பை சேகரித்த) பிறகு ஹீப் எனப்படும் நினைவகப் பகுதியின் அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும்.

தானியங்கிச் சோதனையால் முடியாதது ஒன்று மீதமிருக்கிறது: பார்ப்பவர் சரியான அச்சைத்தான் படிக்கிறாரா என்பது. அச்சையும் கோட்டையும் இணைப்பது நிறம் மட்டுமே என்றால், அது நிறத்தை மட்டுமே நம்பக் கூடாது என்ற டபிள்யூசிஏஜி எனப்படும் வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் 1.4.1 விதிக்கு முரண். கோட்டுக்கும் பின்னணிக்கும் 3:1 வேறுபாடு வேண்டும் என்று 1.4.11 சொல்கிறது. இவற்றை அளக்கலாம். ஆனால் வெவ்வேறு அச்சுகளைச் சேர்ந்த இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு எந்தப் பொருளும் இல்லை, அச்சின் எல்லையை மாற்றினால் அந்த இடமும் மாறும் என்பது பல பயனர்களுக்குத் தெரியாது. அதை எந்த நிரலும் கண்டுபிடித்துச் சொல்லாது. குழுவுக்கு வெளியே உள்ள சிலரை உட்கார வைத்து, “10:40-க்கு அழுத்தம் எவ்வளவு?” என்று டூல்டிப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எண்ணைச் சொல்வதற்கு முன் அவர்கள் விரல் எந்த அச்சை நோக்கிப் போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறான அச்சுக்குப் போகிறவர்கள் அதிகமாக இருந்தால், வரைபடத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு பட்டைகளாகப் பிரிக்கச் சொல்லி அதைப் பிழையாகவே பதிவு செய்யுங்கள்.